தளம் போடுவதற்கு முன் ஒரு தனிப் பைப்

கேள்வி: கும்பகோணத்தில் நாங்கள் இருக்கும் வீடு 1998-இல் கட்டியது. இப்போது மகனுக்காக மாடியில் ஒரு ஹாலும் இரண்டு அறைகளும் எழுப்புகிறோம். சுவர் முடிந்துவிட்டது. மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்; அடுத்த வாரம் கான்கிரீட். மகனும் மருமகளும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். ஆனால் எலக்ட்ரீஷியன் தம்பி, "இப்ப எல்லாமே வைஃபைதாம்மா, நெட்டுக்குன்னு பைப் எதுக்கு? வேணும்னா பின்னாடி கரண்ட் பைப்லயே இழுத்துக்கலாம்" என்கிறார்.

கீழே ஹாலில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் நெட் இருக்கிறது. போன வருஷம் அங்கிருந்து படுக்கையறைக்கு ஒரு லேன் கேபிள் போட்டோம். அதில் மகன் சோதித்தால் 94-ஐத் தாண்டுவதே இல்லை. போட்டவரிடம் கேட்டால், "டெஸ்டரில் எட்டு லைட்டும் எரியுது, கேபிளில் குறையில்லை" என்கிறார். டிவியைப் பொறுத்தவரை, கீழே கேபிள் கனெக்‌ஷன். மாடியில் இரண்டு அறைக்கும் டிஷ் வைக்க நினைக்கிறோம். எதற்கு எந்த ஒயர், எப்படிக் கொண்டுபோவது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதில் அவசரமானது பைப் மட்டும்தான். கேபிளை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம். எந்த ரகம் என்பதை மகன் வந்தபிறகு அவரே முடிவு செய்யலாம். பைப்பை அப்போது போட முடியாது. போட்டால் சுவரை வெட்டிப் பூச்சை உடைத்துத்தான் போடவேண்டும். அதனால் பைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

எலக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி உண்மை. கைபேசிக்கு ஒயர் வேண்டாம். ஆனால் கீழ் ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் மாடி அறைக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளமும் அதற்குள் கம்பிவலையும் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே இடத்தில் நெருக்கியடிக்கும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வெகுவாகத் தேய்ந்துவிடும். நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால், அது அதே அலையில் வாங்கி அதே அலையிலேயே திருப்பி அனுப்பும். வேகத்தில் பெரும்பகுதி அங்கேயே போகும். மாடியில் நல்ல வைஃபை வேண்டுமென்றால் மாடியிலேயே ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை அலையைப் பரப்பும் கருவி, வேண்டும், அதற்குக் கீழிருந்து ஒரு கேபிள் வரவேண்டும். வைஃபை நன்றாக இருப்பதற்கே ஒயர் தேவை என்பதை அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். பகல் முழுக்க வீடியோ அழைப்பில் இருக்கும் இரண்டு பேருக்கு மேசைக்கே ஒரு லேன் பாயிண்ட் இருந்தால் இன்னும் நல்லது.

கரண்ட் பைப்பிலேயே இழுக்கலாம் என்ற யோசனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். 230 வோல்ட் ஒயரும் நெட் கேபிளும் ஒரே பைப்பில் கிடந்து, இழுக்கும்போதோ எலி கடித்தோ இரண்டின் மேலுறையும் ஓரிடத்தில் உரிந்தால், மின்சாரம் லேன் கேபிள் வழியாக மடிக்கணினிக்கு, அதைத் தொடுகிறவர் கைக்கு வரும். சிக்னலில் இரைச்சல் சேரும் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கவலை. கேபிள் டிவி ஒயரும் நெட் கேபிளும் ஒரே பைப்பில் போகலாம். இரண்டும் சிக்னல் ஒயர்கள்தான். கரண்ட் மட்டும் தனி. பக்கத்தில் பக்கத்தில் ஓடவேண்டி வந்தால் ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். ஒன்றையொன்று கடக்கவேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

இப்போது பைப்பின் அளவு. கரண்ட் ஒயருக்குப் போடும் முக்கால் இஞ்ச் பைப் இதற்குப் போதாது. ஒரு இஞ்ச், அதாவது 25 மி.மீ. பிவிசி பைப், ஐஎஸ்ஐ முத்திரையுள்ளதாக வாங்குங்கள். ஒரு கேட் 6 ரக லேன் கேபிள் ஏறத்தாழ 6 மி.மீ. கனம். பைப்பின் உள்வெட்டுப் பரப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒயர் அடைத்தால் இழுக்கும்போது சிக்கும் என்பது இந்த வேலையின் பழைய கணக்கு. அந்தக் கணக்கில் 25 மி.மீ. பைப்பில் நான்கு கேபிள் சுகமாகப் போகும். திருப்பங்களில் எல்போ வேண்டாம். நீண்ட வளைவுள்ள பெண்ட் போடச் சொல்லுங்கள். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குள் இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிடவேண்டும். பின்னால் ஸ்பிரிங் விட்டு இழுக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

பைப்புகள் எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. கரண்ட் லைன்போல ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போட்டுவிடுகிறார்கள். நெட்டும் டிவியும் அப்படி ஓடுவதில்லை. ஒவ்வொரு பாயிண்டுக்கும் மையத்திலிருந்து தனிக் கேபிள் போகவேண்டும். ஆகவே மாடியில் ஓர் இடத்தை மையமாகத் தேர்ந்தெடுங்கள். மாடிப்படி ஏறியதும் வரும் சுவர் பொருத்தமாக இருக்கும்; காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வேண்டாம், சூட்டில் கருவிகளின் ஆயுள் குறையும். அந்த இடத்தில் சுவருக்குள் ஒரு பெரிய பாக்ஸ், பக்கத்தில் இன்வெர்ட்டர் லைனில் இரண்டு பிளக் பாயிண்ட். அங்கிருந்து இரண்டு அறைகளின் மேசை இருக்கும் சுவருக்கு ஒவ்வொன்று, இரண்டு டிவி சுவருக்கு ஒவ்வொன்று, ஹால் கூரையின் நடுவில் ஆக்சஸ் பாயிண்டுக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று, கீழ் ஹாலுக்கு ஒன்று. கீழே இறங்கும் பைப்புக்காக ஏற்கெனவே இருக்கும் பழைய தளத்தை வெட்டாதீர்கள். படிக்கட்டுச் சுவரோரமாக 32 மி.மீ. பைப்பை வெளியில் தெரிகிற மாதிரி இறக்கி வண்ணம் அடித்துவிட்டால் போதும். பில்லரிலோ பீமிலோ யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இன்ஜினியரைக் கேட்காமல் துளை போட விடாதீர்கள்.

கான்கிரீட் நாளன்று நீங்களோ வீட்டில் ஒருவரோ தளத்தில் நின்று சில விஷயங்களைப் பாருங்கள். பைப் கம்பிக்குக் கீழே தொங்காமல், கீழ்க்கம்பிக்கு மேலே கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கவேண்டும். ஒரே இடத்தில் பைப்மேல் பைப்பாக மூன்று நான்கு கடந்தால் அங்கே தளம் பலவீனமாகும். இணைப்புகளில் சொல்யூஷன் தடவியிருக்கவேண்டும். பைப்பின் திறந்த வாய்களைத் துணியோ டேப்போ வைத்து அடைத்திருக்கவேண்டும். வாய் திறந்து கிடந்தால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகும். அந்தப் பைப் அதோடு முடிந்தது. ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு முன்கூட்டியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். கட்டுக்கம்பி விட்டால் துருப்பிடித்து நமக்குத் தேவைப்படும் நாளில் அறுந்து வரும். கடைசியாக, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் சுவர்கள் தெரிகிற மாதிரி தளம் முழுவதையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஃபேன் கொக்கிக்கோ ஃபால்ஸ் சீலிங்குக்கோ டிரில் போடும்போது எங்கே பைப் ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

கேபிளுக்கு வருவோம். வீட்டுக்குக் கேட் 6 போதும். கேட் 5இ-கூட நூறு மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் கொடுக்கும்; உங்கள் வீட்டில் எந்த ஓட்டமும் முப்பது மீட்டரைத் தாண்டாது. அந்தத் தூரத்துக்குக் கேட் 6 பத்து மடங்கு வேகத்தையும் தாங்கும் என்பதால் அதையே போட்டுவிடலாம். கேட் 6ஏ, கேட் 7 என்று கடையில் ஏற்றிச் சொன்னால் மயங்காதீர்கள். கனமாக, விறைப்பாக இருக்கும், வளைப்பது சிரமம். மேலே உலோக உறை போட்ட ரகமும் வேண்டாம். அந்த உறையை முறையாக எர்த் செய்யாவிட்டால் அதனால் பயனில்லை.

நீங்கள் விழிப்பாக இருக்கவேண்டியது செம்பில். சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசியவை. பெட்டியில் "சிசிஏ" என்று பொடியெழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். இரண்டு மூன்று தடவை வளைத்தால் உள்ளே முறியும். சுவருக்குள் போனபின் முறிந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். சோதிப்பது எளிது. கடையிலேயே ஒரு கம்பியை உரித்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவந்திருந்தால் செம்பு, வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதே அளவுள்ள செம்புப் பெட்டியைவிட அது தூக்கும்போதே இலேசாக இருக்கும். முழுப் பெட்டி 305 மீட்டர் வரும். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு கேபிள் இழுத்துவிடுங்கள். இழுக்கும் கூலி ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கீழே இருக்கும் அந்த 94-க்கு இப்போது காரணம் சொல்கிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் அந்த எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. ஒரு லேன் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால், தகவல் பொட்டலங்களின் மேலுறைக்குப் போனது போக நமக்குக் கிடைப்பது 94, 95தான். உங்கள் கேபிள் மெதுவாக ஓடவில்லை. 1,000-க்குப் பதில் 100 என்ற கியரில் ஓடுகிறது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். 1,000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி கெட்டாலும் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும்.

முதலில் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் மற்றவற்றை ஒதுக்குங்கள். ரவுட்டர் பக்கத்தில் 300 வருகிறதா என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால், அது வைஃபையிலா, ஒயரிலா? மகனின் லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாகச் செருகும் லேன் அடாப்டர் இருந்தால் அதுவே 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கலாம். நடுவில் பழைய குட்டி நெட்வொர்க் சுவிட்ச் இருந்தாலும் அப்படியே. அதே லேப்டாப்பை ஒரு நல்ல பேட்ச் கார்டால், அதாவது கடையில் கிடைக்கும் தயார் லேன் ஒயரால், நேரே ரவுட்டரில் செருகிப் பார்க்கட்டும். அங்கே 300 வந்து படுக்கையறையில் 94 வந்தால் குற்றவாளி சுவருக்குள் போன கேபிள்தான். ஸ்மார்ட் டிவியில் மட்டும் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். விலை உயர்ந்த டிவிகளில்கூட லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். படம் பார்க்க அது தாராளம்.

அப்படியானால் எட்டு விளக்கு எரிவது எப்படி? அந்தச் சிறிய டெஸ்டர், இந்த முனையின் ஒன்றாம் கம்பி அந்த முனையின் ஒன்றாம் கம்பியைத் தொடுகிறதா என்று மட்டும் பார்க்கும். எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. லேன் கேபிளின் உயிரே முறுக்கில்தான் இருக்கிறது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது அந்த இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று உங்கள் வீட்டுக்குள் ஓடுவதும் அதே யோசனைதான். நான்கு ஜோடிகளையும் நான்கு விதமான நெருக்கத்தில் முறுக்கியிருப்பார்கள், ஒன்று மற்றதன் பேச்சை ஒட்டுக்கேட்காமல் இருக்க.

கனெக்டரில் வைக்கும் வரிசை இப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து, நடுவில் நீல ஜோடி உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். பழைய தொலைபேசி இணைப்பில் நடு இரண்டு பின்களில் முதல் லைனும் அதன் இருபுறத்தில் இரண்டாவது லைனும் இருந்ததால் வந்த ஏற்பாடு இது. இதை அறியாதவர், நீலத்தை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும் அடுத்தடுத்து வைத்து, இரண்டு முனையிலும் அதே மாதிரி கிரிம்ப் செய்துவிடுவார். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் கருவிகள் ஒரு ஜோடி என்று நினைத்து அனுப்பும் சிக்னல், ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகளில் போகும். முறுக்கின் பாதுகாப்பு போய்விடும், வேகம் விழும். உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் பலத்த சந்தேகம். கனெக்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். பூட்டு மறுபக்கம் இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலமாக நிறங்களைப் பாருங்கள். வரிசை தவறாக இருந்தால் கேபிளை மாற்ற வேண்டாம், இரண்டு முனைகளை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும்போது சுவர் முனையில் கனெக்டர் போடாமல் கீஸ்டோன் ஜாக் போட்டு ஃபேஸ் பிளேட்டில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் போகும் கேபிளின் கம்பிகள் ஒற்றை முழுக்கம்பிகள். தினமும் அசைத்தால் முறியும். அசைவைத் தாங்குவதற்காகவே பேட்ச் கார்டில் மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஜாக்கில் பஞ்ச் செய்யும்போது அரை இஞ்சுக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது.

டிவிக்கு ஆர்ஜி 6 என்ற கோஆக்சியல் கேபிள். மெல்லிய ஆர்ஜி 59 பழைய சிசிடிவிக்கு வந்தது, டிஷ்ஷுக்கு உதவாது. கீழே இருக்கும் கேபிள் கனெக்‌ஷனை இன்னொரு அறைக்குப் பிரிக்க ஸ்பிளிட்டர் போடலாம். இரண்டாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் பாதிச் சிக்னல்தான் வரும், நான்காகப் பிரித்தால் கால்வாசி. ஆகவே தேவைக்கு மேல் வாயுள்ள ஸ்பிளிட்டர் வாங்காதீர்கள்.

டிஷ் வேறு சங்கதி. டிஷ்ஷின் முன் நிற்கும் எல்என்பி, விண்ணிலிருந்து வரும் அலையை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கீழே அனுப்புகிறது. கேபிள் டிவி ஸ்பிளிட்டர்கள் அந்த எல்லைக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதைவிட முக்கியம், செட் டாப் பாக்ஸ் அதே கேபிளில் மேல்நோக்கி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி எந்த வகை அலையை வாங்கவேண்டும் என்று எல்என்பிக்குச் சொல்கிறது. ஒரே கேபிளில் இரண்டு பாக்ஸ் இருந்தால் ஒன்று ஒன்றைக் கேட்கும், மற்றது வேறொன்றைக் கேட்கும். ஒருவர் சேனல் மாற்றினால் அடுத்த அறையில் படம் போகும். அதனால் இரட்டை வாயுள்ள எல்என்பி வாங்கி, ஒவ்வொரு டிவிக்கும் மொட்டை மாடியிலிருந்து ஒட்டுப்போடாத முழு ஆர்ஜி 6 ஒன்று இறக்குங்கள். மொட்டை மாடியில் பைப்பின் வாய் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கவேண்டும், ஐப்பசி மழை நேரே உள்ளே இறங்காமல் இருக்க. வெயிலில் கிடக்கும் பகுதிக்குக் கறுப்பு மேலுறையுள்ள வெளிப்புறக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். டிஷ்ஷின் இரும்புக் குழாயை எர்த் செய்யாமல் விடாதீர்கள்.

டிவி பாயிண்டைத் தரையோரம் வைப்பது பழைய பழக்கம். சுவரில் மாட்டும் டிவியின் பின்னால், நாலடி உயரத்தில் வையுங்கள். அங்கே ஒரு ஆர்ஜி 6, இரண்டு லேன். பிளக் பாயிண்ட் பக்கத்தில் வரலாம், ஆனால் தனி பாக்ஸில்.

கீழ்த்தளத்தில் புதிதாகச் சுவர் வெட்டவேண்டாம். 1998 வீடென்றால் லேண்ட்லைன் தொலைபேசிக்குப் போட்ட பைப் எங்காவது இருக்க வாய்ப்புண்டு. முதலில் அதைத் தேடுங்கள், பழைய ஒயரை எடுத்துவிட்டால் ஒரு கேட் 6 நுழையக்கூடும். இல்லையென்றால் கதவு நிலையோரமாகக் கேசிங் கேப்பிங் ஓட்டலாம். வெளிச்சுவரில் துளை போட்டால் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும், தண்ணீர் உள்ளே ஓடி வராது. மின்கம்பி வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். மும்முனை இணைப்பும் இன்வெர்ட்டரும் உள்ள நம் வீடுகளில் அது ஒரு அறையில் ஓடும், அடுத்த அறையில் படுத்துவிடும்.

இன்னொன்று மகனிடம் சொல்லுங்கள். மாடி ஆக்சஸ் பாயிண்டை பிஓஇ ரகமாக வாங்கினால், லேன் கேபிளிலேயே அதற்கு மின்சாரமும் போகும். கூரையில் பிளக் தேவையில்லை. மையப் பாக்ஸில் உள்ள பிஓஇ சுவிட்சும் கீழே உள்ள ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், கரண்ட் போனாலும் நடந்துகொண்டிருக்கும் மீட்டிங் நிற்காது. இதற்கும் அலுமினியக் கேபிள் ஆகாது. மின்சாரம் ஓடும்போது சூடேறும்.

எல்லாம் முடிந்து எலக்ட்ரீஷியனுக்குக் கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாயிண்டிலும் லேப்டாப்பைச் செருகி, இணைப்பு வேகம் 1,000 எம்பிபிஎஸ் அல்லது 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். 100 என்று காட்டும் பாயிண்டின் இரண்டு முனைகளையும் அவரையே திருத்தித் தரச் சொல்லுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.